பீக் சொன்னதா, பழக்கம் சொன்னதா?

நிறை நிறமாலைத் தரவைப் படிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் மாஸ் ஸ்பெக் ஓட்டுபவன், அதாவது மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியை இயக்குபவன். 16 வருடமாக அதே வேலைதான். சாம்பிள் வாங்கி வைப்பது, அழுக்கேறிய முனையைக் கழற்றிக் கழுவுவது, அளவுத்திருத்தம் பார்ப்பது, சாயங்காலம் ரன் போட்டுவிட்டுக் காலையில் வந்து கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் மென்பொருளுக்குத் தீனி போடுகிறவன் நான். அது துப்பும் பட்டியலை ஆய்வாளர் கையில் கொடுக்கிறவனும் நான். பட்டியல் தப்பாகப் போனால் முதல் போன் எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: நீங்கள் இல்லாமல் இனி எங்களுக்கு ஓடாது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கருவி வினாடிக்குச் சில ஸ்பெக்ட்ரம் எடுத்தது. ஸ்பெக்ட்ரம் என்றால் எந்த நிறையில் எவ்வளவு இருக்கிறது என்ற வரைபடம், அதில் எழும் ஒவ்வொரு முகடும் ஒரு பீக். 2023-இல் சந்தைக்கு வந்த ஒரு கருவி வினாடிக்கு 200 வரை எடுக்கிறது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏழு லட்சத்தைத் தாண்டும். அதிலும் பலவற்றை ஒன்றாகவே உடைக்கும் டிஐஏ முறையில் ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்துக்குள்ளும் பல பெப்டைடுகளின் (புரதத்தை நொதியால் வெட்டிக் கிடைக்கும் சின்னச் சங்கிலிகளின்) துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எந்த மனிதக் கண்ணும் அதைப் பிரித்துப் பார்க்காது. 1994-இல் வந்த சீக்வெஸ்ட் போன்ற தேடல் மென்பொருள்களுக்கு ஒரு பெப்டைட் உடைந்தால் பீக் எங்கே வரும் என்பது தெரியும். எவ்வளவு உயரத்தில் வரும் என்பது தெரியாது. 2019-இல் வந்த புரோசிட் அந்த உயரத்தைக் கணித்தது. சும்மா இல்லை, 5.5 லட்சம் பெப்டைடுகளையும் அவற்றிலிருந்து எடுத்த 2.1 கோடி ஸ்பெக்ட்ரங்களையும் பார்த்துக் கற்றுக்கொண்ட மாடல் அது. அதைப் போட்டு எங்கள் பழைய ஃபைல்களை மறுபடி அலசிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குப்பை என்று ஒதுக்கிய ஸ்பெக்ட்ரங்களில் பாதி பேச ஆரம்பித்தன.

ஆக, நான் உங்கள் கட்சிதான். என் சங்கடம் வேறு.

உங்கள் துறையின் பிறப்பில் எங்கள் கருவிக்கும் ஒரு பங்கு உண்டு. இளையவர்கள் எத்தனை பேருக்குத் தெரியுமோ! 1965-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஃபைகன்பாமும் ஜோஷுவா லெடர்பர்க்கும் தொடங்கி, புரூஸ் புக்கானனும் வேதியியலாளர் கார்ல் ஜெராசியும் வந்து சேர்ந்த டென்ட்ரல் திட்டத்தைத்தான் முதல் நிபுணர் மென்பொருள் என்று உங்கள் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அது எடுத்துக்கொண்ட வேலை, மாஸ் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து மூலக்கூற்றின் அமைப்பைச் சொல்வது. வேதியியலாளர்களோடு உட்கார்ந்து, "இந்தப் பீக்கைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு விதிகளை எழுதினார்கள். சாத்தியமான அமைப்புகளை எல்லாம் வரைந்து, விதிக்கு ஒத்துவராதவற்றைக் கழித்து, மிச்சத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தது அந்த மென்பொருள். ஒரே ஒரு பெயரை நீட்டவில்லை, ஒரு பட்டியலை நீட்டியது. எது எந்த விதியால் வெளியே போனது என்று பின்னால் போய்ப் பார்க்கவும் முடியும்.

திறமையில் உங்கள் இன்றைய மாடல்களுக்குப் பக்கத்தில் டென்ட்ரல் நிற்காது. ஆனால் அந்தப் பின்னால் போய்ப் பார்க்கும் வசதி எங்கே போயிற்று? ஒரு பெயரும் ஒரு ஸ்கோரும் வருகின்றன. 0.98 என்று இருக்கும். எதனால் 0.98 என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த விடையில் பீக்கிலிருந்து வந்தது எவ்வளவு, பயிற்சியில் பார்த்துப் பார்த்துப் பழகியதால் வந்தது எவ்வளவு? இதை நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும். பழக்கம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் மென்பொருள் தயங்காமல் "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்பதற்கான விளக்கம்.

போன வருடம் ஓர் ஆய்வு மாணவி ஒரு பட்டியலோடு வந்தார். நெடுநாள் சேமித்து வைத்த புரதங்களில் வயதானதின் தடயம் தேடுகிறார். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் காலப்போக்கில் அஸ்பார்டிக் அமிலமாக மாறும். டீஅமிடேஷன் என்போம். நிறை 0.984 டால்டன் (அணு நிறை அலகு) கூடும். மென்பொருள் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்திருந்தது. எல்லாம் உயர்ந்த ஸ்கோர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் வரியில் இருந்த பெப்டைடை எடுத்து மூல ஃபைலைத் திறந்தேன். நிறை சுமார் 2000 டால்டன். இந்த அளவுள்ள பெப்டைடில் ஒரு சிக்கல் உண்டு. கார்பனில் நூற்றுக்கு ஒன்று 13 நிறையுள்ள ஐசோடோப்பு. பெப்டைடில் தொண்ணூறு கார்பன் இருந்தால் ஏதாவது ஒன்று கனமானதாக இருக்க நல்ல வாய்ப்பு. அதனால் முதல் பீக்குக்குப் பக்கத்திலேயே, 1.003 டால்டன் தள்ளி, ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு பீக் நிற்கும். கருவி அவசரத்தில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்து உடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். 1.003-க்கும் 0.984-க்கும் வித்தியாசம் 0.019. 2000 டால்டனில் அது பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கூட இல்லை. தேடலில் பத்து பிபிஎம் சலுகை கொடுத்திருந்தார்கள். முடிந்தது கதை. ஒன்றும் ஆகாத பெப்டைடின் ஐசோடோப்பு பீக், வயதான பெப்டைட் என்று பெயர் வாங்கிவிட்டது. உடைந்த துண்டுகளும் பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் பெப்டைட் அதேதான்! அப்புறம் ஸ்கோர் ஏன் உயராது?

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு பீக்குகளும் எல்சி குழாயிலிருந்து (கருவிக்குள் போகும் முன் கலவையைப் பிரித்து அனுப்பும் குழாய்) எந்த நேரத்தில் வந்தன என்று கோடு போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே வினாடியில் ஏறி, ஒரே வினாடியில் உச்சிக்குப் போய், ஒரே வினாடியில் இறங்கின. உண்மையிலேயே மாறிய பெப்டைட் பொதுவாகக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ வரும். ஐசோடோப்புதான் அண்ணன் தம்பி மாதிரி கைகோத்து வரும். அந்த மாணவியை உட்கார வைத்து மிச்சத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மதியம் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. மிச்சமிருந்தவை நிஜமானவை, அதில் இரண்டு அருமையானவை. ஆனால் அவர் மூன்று மாதம் அந்தப் பட்டியல் முழுவதையும் நம்பி அடுத்த சோதனைகளைத் திட்டமிட்டிருந்தார்.

இதில் உங்கள் மாடலை நான் முட்டாள் என்று சொல்லவில்லை. அதற்குக் கொடுத்தது ஒரு உடைந்த ஸ்பெக்ட்ரமும் ஒரு நிறை எண்ணும். பக்கத்தில் என்ன நின்றது, எப்போது ஏறி எப்போது இறங்கியது என்பதெல்லாம் அதன் கண்ணில் படவே இல்லை. நான் பார்த்த அதே ஃபைலில்தான் அதுவும் இருந்தது. கண்ணைக் கட்டி விட்டது நீங்கள். இப்போது சில மென்பொருள்கள் இந்த ஏற்ற இறக்கத்தையும் எடுத்துக்கொள்கின்றன, நல்லது. ஆனால் வருடந்தோறும் வரும் புது மாடல்களில் எத்தனையோ, ஸ்பெக்ட்ரத்தைத் தனியாக வெட்டி எடுத்து, பட அட்டை மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிப் பயிற்றப்பட்டவை.

பழக்கத்தின் ஆட்டம் இன்னும் அப்பட்டமாகத் தெரிவது டீ நோவோ வரிசைப்படுத்தலில். தரவுத்தளம் எதையும் பார்க்காமல் நேராக ஸ்பெக்ட்ரத்திலிருந்தே அமினோ அமில வரிசையைப் படிப்பது. 2017-இல் டீப்நோவோ, 2022-இல் கசனோவோ, அதற்குப் பிறகு வரிசையாகப் பல. மொழி மாடல்களின் உத்தியையே இங்கே கொண்டுவந்தீர்கள், அபாரமான வேலை. ஆனால் மொழி மாடலின் குணமும் கூடவே வந்துவிட்டது. விட்டுப்போன இடத்தை அழகாக நிரப்பிவிடும்.

இந்தத் துறையில் சில இடங்கள் நிரப்பக் கூடாதவை. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை, 113.084. சாதாரணமாக உடைத்த ஸ்பெக்ட்ரத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மாடலோ லியூசின்தான் என்று அடித்துச் சொல்லும். புரதங்களில் லியூசின் அதிகம், அவ்வளவுதான் காரணம். கிளைசின் இரண்டு சேர்ந்தால் 114.043, அஸ்பராஜின் ஒன்று மட்டும் 114.043. கிளைசினும் அலனினும் சேர்ந்தால் குளுட்டமின். இரண்டு எழுத்துக்கு நடுவில் உடைந்த துண்டின் பீக் இருந்தால் இரண்டு எழுத்து என்று தெரியும். இல்லாவிட்டால் ஒன்றா இரண்டா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு எதிர்ப்பான் (ஆன்டிபாடி) புரதத்தின் வரிசை வேண்டும் என்று ஒருவர் வந்தார். மரபணு வரிசை அவரிடம் இல்லை. செல் வரிசை எப்போதோ செத்துப்போயிற்று. மிச்சமிருப்பது ஒரு குப்பியில் கொஞ்சம் புரதம். எதிர்ப்பானில் இலக்கைப் பிடிக்கும் பகுதி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருக்கும், பயிற்சித் தரவில் அப்படியே வர வாய்ப்பில்லை. அதாவது எங்கே பழக்கம் உதவாதோ அந்த இடம்தான் அவருக்கு வேண்டும். மாடல் ஓரிடத்தில் அஸ்பராஜின் என்றது, நல்ல ஸ்கோரோடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறொரு நொதியால் வெட்டி மறுபடி ஓட்டினேன். அந்தத் துண்டில், அடிமட்ட இரைச்சலுக்குக் கொஞ்சம்தான் மேலே, 57.02 தள்ளி ஒரு சின்னப் பீக். கிளைசினின் நிறை. ஆக இரண்டு கிளைசின். முதல் ஸ்பெக்ட்ரத்தில் அந்தப் பீக் இல்லை. இல்லாத பீக்குக்கு மாடல் ஒரு விடை சொல்லியிருந்தது, தயங்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பீக் தாங்கும் எழுத்து கறுப்பு, மாடல் ஊகித்த எழுத்து சாம்பல். "இங்கே இரண்டு விடை சாத்தியம், தரவு தீர்மானிக்கவில்லை" என்று ஒரு வரி. நான் அந்த ஒரு இடத்துக்காக இன்னொரு நொதியை எடுத்திருப்பேன், சந்தேகம் வந்து நானாகத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

இனி, உங்களுக்குப் பிடிக்காத கதை. எங்களுக்கும் பிடிக்காதது.

ஒரு குழு, நோயாளிகள் பாதி, நலமானவர்கள் பாதி என்று பிளாஸ்மா சாம்பிள்கள் கொண்டுவந்தது. ஓட்டிக் கொடுத்தோம். அவர்களே தரவை ஒரு மாடலில் போட்டார்கள். இரண்டு குழுவையும் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் பிரித்தது. கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. "இந்தப் பீக் எந்த மூலக்கூறு என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. மாடல் அதிக எடை கொடுத்த பீக். எண் 391.284.

மாஸ் ஸ்பெக் ஓட்டுகிற யாரையும் தூக்கத்தில் எழுப்பி இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். பிளாஸ்டிக்கை வளையச் செய்யப் போடும் தாலேட். உடைத்தால் 149.023-இல் ஒரு பீக் வரும், வந்தது. சாம்பிள் இல்லாமல் ஓட்டும் எங்கள் பிளாங்க் ரன்னிலும் கொஞ்சம் இருந்தது, எப்போதும் இருக்கும். நோயாளிகளின் ரத்தத்தை ஒரு வகைக் குழாயிலும் மற்றவர்களின் ரத்தத்தை வேறு வகைக் குழாயிலும் எடுத்திருந்தார்கள். மாடல் தப்பே செய்யவில்லை. குழாயைச் சரியாக அடையாளம் கண்டது. அவர்கள் கேட்டது அதை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பீக்கை எடுத்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அடுத்த பிளாஸ்டிக் பீக்குக்குத் தாவியது.

இது எங்கள் அறையில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 2002-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரத்தச் சீரத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரத்தை வைத்துச் சூலகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்றது. பயன்படுத்தியது ஜெனடிக் அல்காரிதம் என்ற, பரிணாமத்தைப் போல விடைகளைச் சலித்தெடுக்கும் கணிமுறையும் தானாகக் குழு பிரிக்கும் முறையும் சேர்ந்த மென்பொருள். அந்தக் காலத்துச் செயற்கை நுண்ணறிவு. 50 புற்றுநோய் சாம்பிள்களில் 50-ஐயும் பிடித்தது. நோய் இல்லாத 66-இல் 63-ஐச் சரியாகச் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. தரவைப் பொதுவில் வைத்திருந்தார்கள், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். கீத் பாகர்லியும் அவர் சகாக்களும் அதை எடுத்து அலசினார்கள். இரண்டு குழுவையும் பிரித்துக் காட்டிய பீக்குகளில் சில, உயிரியல் எதையும் எதிர்பார்க்க முடியாத இரைச்சல் பகுதியில் இருந்தன. பின்னால் வந்த தரவுத் தொகுதி ஒன்றில், நோயாளி யார் என்பதும் எந்த நாளில் ஓட்டியது என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மூல ஆய்வாளர்கள் மறுத்தார்கள், வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அந்தச் சோதனை கடைசிவரை மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. மாடல்கள் ஆயிரம் மடங்கு பெரிதாகிவிட்டன. குழாயும் ஓட்டிய நாளும் அப்படியே இருக்கின்றன.

ஏன் மறுபடி மறுபடி நடக்கிறது என்றால், உங்கள் கைக்கு வருவது எண் அட்டவணை. எந்தச் சாம்பிள் எத்தனையாவதாக ஓடியது, இடையில் எப்போது முனையைக் கழுவினோம், எப்போது எல்சி குழாயை மாற்றினோம், பிளாங்க் எங்கே என்பதெல்லாம் என் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. பொதுத் தரவுக் களஞ்சியங்களுக்குப் போய்ப் பாருங்கள். மூல ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருக்கும். எந்த ஃபைல் எந்தச் சாம்பிள் என்றே பல இடங்களில் இருக்காது, ஓட்டிய வரிசையைக் கேட்கவே வேண்டாம். மாடலுக்கு நோயாளி யார் என்று கேட்பதற்கு முன்னால், இதே தரவை வைத்து "எந்த நாள் ஓட்டியது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதையும் அதே துல்லியத்தோடு சொல்லிவிட்டால் கட்டுரை எழுதுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பத்து நிமிட வேலை. மென்பொருளிலேயே பொத்தானாக வைத்துவிடுங்கள்.

பாக்டீரியாவை அடையாளம் காணும் மால்டி (ஒரு வகை மாஸ் ஸ்பெக்) கருவிகளிலும் இதே கதைதான், கொஞ்சம் நேர்மையான வடிவில். 2022-இல் சுவிட்சர்லாந்தின் நான்கு ஆய்வகங்களிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பெக்ட்ரங்களைச் சேர்த்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எடுபடாது என்று கணிக்கும் மாடலை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் பயிற்றியதை இன்னோரிடத்தில் போட்டால் இறங்குகிறது, பழைய வருடத் தரவில் பயிற்றினாலும் இறங்குகிறது என்று அவர்களே அளந்து சொன்னார்கள். அப்படிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது, பட்டியலில் தவறு ஒரு சதவீதத்துக்குள்தான் என்று உங்கள் மென்பொருள் சொல்லும் விஷயம். வெளியாட்களுக்காகச் சுருக்கமாக: நிஜப் புரதங்களின் பட்டியலோடு, வரிசையைத் தலைகீழாக்கிய பொய்ப் புரதங்களையும் கலந்து மென்பொருளைத் தேடவிடுவோம். டிகாய் என்று பெயர். பொய்களில் எத்தனை விழுகின்றனவோ, நிஜப் பட்டியலிலும் ஏறக்குறைய அத்தனை தவறுகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, தவறு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாத இடத்தில் கோடு போடுவோம். 2007-இல் ஜோஷுவா எலியாஸும் ஸ்டீவன் கைகியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லோரும் இப்படித்தான். எளிமையான, அழகான யோசனை. ஆனால் இது வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. பொய்யையும் நிஜத்தையும் மென்பொருள் பாரபட்சம் இல்லாமல் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ளும் மாடலிடம், "இது பொய், இது நிஜம், பிரித்துக் கற்றுக்கொள்" என்று அதே பட்டியலைக் கொடுத்தால், அது பொய்யின் முகத்தை மனப்பாடம் செய்துகொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. அப்போது டிகாய்கள் எல்லாம் சமர்த்தாகக் கீழே போய்விடும். நிஜப் பட்டியலில் இருக்கும் தவறுகள் மட்டும் மேலேயே நிற்கும். திரையில் ஒரு சதவீதம் என்றே இருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சாம்பிளில் இருக்கவே முடியாத ஓர் உயிரினத்தின் புரதங்களை, மென்பொருளுக்குச் சொல்லாமல் கலந்துவிடுவது. மனித சாம்பிளில் அவை எத்தனை வருகின்றன என்று எண்ணினால் உண்மையான தவறு தெரிந்துவிடும். பொறி வைப்பது மாதிரிதான். 2025-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் இந்த முறையையே ஒழுங்காக அலசிய ஒரு கட்டுரை வந்தது. அதில் சோதித்த பிரபலமான டிஐஏ மென்பொருள்கள் எதுவும் சொன்ன சதவீதத்தை எல்லாத் தரவிலும் காப்பாற்றவில்லை. தனிச் செல் தரவில் நிலைமை இன்னும் மோசம். அதைப் படித்த அன்று நான் கொடுத்த பழைய பட்டியல்கள் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. உங்கள் புதுப் பதிப்பின் அறிவிப்பில் வழக்கமாக ஒரு பட்டை வரைபடம் இருக்கும்: போன பதிப்பைவிட இத்தனை பெப்டைட் அதிகம். அதே படத்துக்குப் பக்கத்தில், பொறியில் எத்தனை விழுந்தன என்று இன்னொரு பட்டையும் வரையுங்கள். பெப்டைட் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தால் எனக்குக் கவலையே இல்லை. ஆயிரம் பெப்டைட் அதிகமாகக் கிடைத்து நான் என்ன செய்யப் போகிறேன், அதில் எந்த நூறு பொய் என்று தெரியாமல்?

சிறு மூலக்கூறுகளின் பக்கம் வந்தால் பழக்கம் கூட உதவிக்கு இல்லை. புரதம் இருபது எழுத்து மொழி. மூலக்கூறுக்கு அகராதியே கிடையாது. இலக்கு வைக்காமல் எடுத்த வளர்சிதைமாற்றத் தரவில் சராசரியாக 1.8% ஸ்பெக்ட்ரங்களுக்குத்தான் பெயர் சொல்ல முடிகிறது என்று 2015-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மிச்சத்தை 'இருண்ட பொருள்' என்று அழைத்தார்கள், பெயர் கவர்ச்சியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. 2024-இல் இன்னொரு குழு, அந்த இருட்டில் பெரும்பங்கு புது மூலக்கூறே இல்லை, தெரிந்த மூலக்கூறுகள் கருவியின் வாயிலேயே உடைந்து சிந்திய துண்டுகள் என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஓட்டுபவனாக என் அபிப்பிராயம்: வாயில் உடைவதை நான் தினமும் பார்க்கிறேன், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். ஆனால் எல்லாமே அதுதான் என்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே உங்கள் மாடல்கள் பரீட்சையில் எடுத்த மதிப்பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியில் பார்த்த மூலக்கூற்றின் பங்காளி சோதனையிலும் வந்தால் யாரும் பாஸ்தான். 2024-இல் வந்த மாஸ்ஸ்பெக்ஜிம் என்ற பொதுத் தேர்வு, அமைப்பில் நெருங்கிய மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் வராதபடி பிரித்தது. ஸ்பெக்ட்ரத்திலிருந்து நேராக மூலக்கூற்றை வரையச் சொன்னபோது, அடிப்படை மாடல்கள் முதல் விடையில் கிட்டத்தட்ட எதையுமே சரியாகச் சொல்லவில்லை. இதைக் கேவலமாக நினைக்காதீர்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. கஷ்டமான கேள்வி கஷ்டமாகத் தெரிந்தது, பாருங்கள். அதற்குப் பிறகு வந்தவை எவ்வளவு ஏறின என்று இனி நம்பிப் பார்க்கலாம்.

எங்களிடம் ஏற்கனவே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. 2014-இல் எம்மா ஷிமான்ஸ்கியும் சகாக்களும் நம்பிக்கைக்கு ஐந்து படி வைத்தார்கள். தூய பொருளை அதே கருவியில் ஓட்டி ஒப்பிட்டாயிற்று என்றால் முதல் படி. வெறும் நிறை மட்டும் தெரியும் என்றால் ஐந்தாவது. உங்கள் மென்பொருள் ஒரு பெயரைச் சொல்லும்போது கூடவே அந்தப் படியையும் ஒட்டட்டும். மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், தூய பொருளை ஓட்டாமல் முதல் படிக்கு வர முடியாது. 0.98 ஸ்கோரைப் பார்த்து மயங்குகிற ஆய்வாளர், பக்கத்தில் 'மூன்றாம் படி' என்று இருந்தால் கொஞ்சம் நின்று யோசிப்பார்.

அரட்டை மாடலில் பீக் பட்டியலை ஒட்டி விளக்கம் கேட்பவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். அருமையான உரைநடையில் தப்பான மூலக்கூறு கிடைக்கிறது. அது உங்கள் வேலை இல்லை என்று தெரியும், விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் சர்வரில் 2011-லிருந்து எடுத்த பிளாங்க் ரன்கள் எல்லாம் இருக்கின்றன. சாம்பிளே இல்லாமல் வெறும் கரைப்பான் மட்டும் ஓடியவை. தாலேட், சிலிக்கோன், 44.026 இடைவெளியில் வரிசையாக நிற்கும் பாலிஎத்திலீன் கிளைகால், எங்கள் தோலிலிருந்து உதிர்ந்த கெரட்டின், போன சாம்பிளின் மிச்சம் எல்லாம் அதில் உண்டு. மாடலுக்கு ஒன்றுமில்லாததைக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கூடவே ரன் பதிவேடும் இருக்கிறது, முதல் நான்கு வருடம் கையெழுத்தில். யாருடைய சாம்பிளையும் அதில் ஓட்டவில்லை என்பதால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்புங்கள், ஏற்றித் தருகிறேன். கையெழுத்துப் பக்கங்களைப் படிக்க மட்டும் நான் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மாஸ் ஸ்பெக் அறையிலிருந்து ஒருவன்